இஞ்சினுக்குள் தண்ணீர்

சிறிலுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டார்; ஸ்பேனரை எடுத்துத் துடைப்பார். அன்று காலை ஒரே ஸ்பேனரை நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டின் பின்புறம் தண்ணீர் நிரப்பிய ஒரு தகரப் பீப்பா. அதன் விளிம்பைப் பிடித்தபடி, குளிக்க வந்துவிட்டுக் குளிருக்குப் பயந்து நிற்கும் ஆளைப்போல, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன படகு இஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை அது ஓடியது. பீப்பாத் தண்ணீரைக் கலக்கி முற்றமெல்லாம் இறைத்து, பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் கோழிகளைக் கூரையில் ஏற்றிவிட்டு, முழுசாகப் பத்து நிமிடம் ஓடியது. இன்றைக்கோ கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்ததில் அவருடைய தோள்தான் சூடேறியது. இஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

கார்பரேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றினார். அதில் இருந்ததை ஒரு பழைய மருந்துப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே எண்ணெய் கலந்த பெட்ரோல் மிதந்தது. கீழே, கட்டைவிரல் நகம் உயரத்துக்கு, தெளிந்த தண்ணீர்.

"மறுபடியும் தண்ணி," என்றார்.

"என்னாங்க?" உள்ளேயிருந்து மனைவி மரியநாயகியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. நீ தேத்தண்ணியக் குடி."

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அந்த நாளுக்குள் இஞ்சின் ஓடியே ஆகவேண்டும். காரணம் அக்கரையில் இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன் இவர்கள் தோட்டத்தின் அந்தப் பிரிவில், அக்கரைக் கணக்கில், குடியிருந்தார்கள். அப்போது அதற்கு அக்கரை என்று பெயரில்லை. நடுவில் ஓடியது ஒரு சின்ன ஆறு. பலகைப் பாலத்தில் நடந்தால் அஞ்சு நிமிடத்தில் தேயிலைப் பேக்டரிக்கு வந்துவிடலாம். சிறில் அந்தப் பேக்டரியில் இஞ்சின் ஃபிட்டர். ஒரே பிள்ளை, டோரீன். வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தால் ஓடிவந்து கையை இழுத்து மோந்து பார்க்கும். எண்ணெய் நாற்றம் இருந்தால்தான் அது அப்பா. ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் முகத்தைச் சுளிக்கும். மூன்றரை வயதில் விஷக் காய்ச்சல் வந்தது. கடைசி இரண்டு நாள் அவருடைய கையை மூக்கோடு வைத்துக்கொண்டுதான் தூங்கியது.

மேட்டில், தேயிலைக்கு நடுவே இருந்த சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அதைப் புதைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறிவந்து பாலத்தை விழுங்கியது, ரோட்டை விழுங்கியது, கீழ் லயங்களை விழுங்கியது. ஆட்களையெல்லாம் இந்தக் கரைக்கு மாற்றினார்கள். மேட்டில் இருந்தவர்களை யார் மாற்றுவது? அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வருடாவருடம் நவம்பர் இரண்டாம் தேதி, தண்ணீரைச் சுற்றிப் பதினொரு மைல் நடந்து போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார்கள். மூன்று வருடமாக அதுவும் இல்லை. பேக்டரித் தூளைச் சலித்துச் சலித்து மரியநாயகிக்கு இளைப்பு வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் வரை போய்வந்தாலே நெஞ்சு விசிலடிக்கும். வாகனத்தில் போகலாம் என்றால் கடைசி மூன்று மைல் ஒற்றையடிப் பாதை, செங்குத்தாக ஏறும். சென்ற வருடம் சிறிலும் தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலையும் துரையின் பழைய படகில் அவளை உட்காரவைத்து, பலகைத் துண்டுகளால் துழாவிப் பார்த்தார்கள். நடுத்தண்ணீரில் காற்று பிடித்து இவர்களைப் பம்பரமாகச் சுற்றி, பின்னேரம் புறப்பட்ட கரையிலேயே கொண்டுவந்து விட்டது.

"நாலு பேரா சேந்து ஒரு நாற்காலில வச்சு தூக்கிட்டுப் போயிருவோம் அக்கா," என்று சோலைமலை சொன்னான்.

"கல்லறைக்கு என்னைய நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாளு இருக்கு தம்பி," என்றாள் மரியநாயகி.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் இந்த வருடம் இவர்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. டிசம்பர் ஒன்பதாம் தேதி ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறவேண்டும். தலைமன்னார், கப்பல், பிறகு பார்த்தறியாத ஒரு ஊர். மரியநாயகி அழவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போறதுக்கு முந்தி புள்ளகிட்ட சொல்லிட்டுப் போகணுங்க."

அதைக் கேட்ட மறுநாளே சிறில் பெரிய துரையின் முன்னால் போய் நின்றார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை நாயையும் பியானோவையும் கொண்டுபோனார். படகையும் இஞ்சினையும் விறகுக் கொட்டகையில் விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த இந்தப் புதுத் துரை நல்ல மனுஷன். "அது ஓடாது சிறில். ஓடவச்சா நீயே வச்சுக்க," என்றார். ஓடுகிற இஞ்சினை எவன் சும்மா கொடுப்பான்?

பேக்டரியில் ஒரு அறை அளவு பெரிய டீசல் இஞ்சினை இருபத்தைந்து வருடமாகக் கட்டி மேய்த்தவர் சிறில். இது ஒரு ஆள் தோளில் தூக்குகிற சாமான். ஆனால் சின்னதுதான் அதிகம் சிணுங்கும். பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தார். இஞ்சின் உயிர்பிடிக்க பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும், நெருப்பு வேண்டும். நெருப்பு இல்லை. பொறி தரும் மேக்னெட்டோவைப் பிரித்து, கரிபிடித்த முனைகளை எமரித் தாளால் தேய்த்த பிறகு பிளக்கில் நீலப்பொறி பறந்தது. கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. அதன் ஊசித் துவாரத்தை சைக்கிள் பிரேக் கம்பியின் ஒற்றை இழையால் குத்தி எடுத்தார்.

தினமும் சாப்பிடும்போது மனைவியிடம் விவரம் சொல்லுவார். டிஸ்பென்சரி டாக்டர் ஐயா நோயாளியைப்பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

"இன்னைக்கு மூச்சு விட்டுச்சு."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு நிமிசம். வயித்துலதான் ஏதோ கோளாறு. உள்ளுக்குப் போறது சேரமாட்டேங்குது."

மரியநாயகி சோற்றைப் பிசைந்தபடி கவலையோடு தலையாட்டுவாள். இளைப்புக்காரிக்குத் தெரியும், மூச்சு விடுவது எவ்வளவு பெரிய வேலை என்று.

ஆயுத பூசைக்குப் பேக்டரி மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்த சோலைமலை, வரும் வழியில் இதற்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனான். "மாதா கோயில் இஞ்சினா இருந்தா என்ன அண்ணே, பொட்டு வேணாம்னா சொல்லப்போவுது," என்றான். சிறில் சிரித்தார். மரியநாயகி மட்டும் அந்தப் பொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் இந்தத் தண்ணீர்ச் சங்கடம் ஆரம்பித்தது. மாலையில் துடைத்து, கழுவி, ஓட்டிப் பார்த்து வைப்பார். காலையில் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், அதுவும் நாள் தவறாமல்.

முதலில் சிலிண்டரில் வெடிப்பு விட்டிருக்குமோ என்று பயந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், காய்ந்திருந்தது. சிலிண்டர் ஒழுகினால் பிளக்கல்லவா நனையும்? அப்படியானால் நோய் கீழே இல்லை, மேலே, பெட்ரோல் டாங்கியில். ஒருவேளை பனி இறங்குகிறதோ? அந்த மலையில் பனி சாவித் துவாரம் வழியாகவும் வரும். இஞ்சினைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் தூக்கி வந்தார். அடுப்படியில் வைத்தால் பெட்ரோல் பற்றி வீடே போய்விடும். ஈரமில்லாத இன்னொரு மூலை, மடு மாதா படத்துக்குக் கீழே இருந்த மூலைதான். அங்கே சாய்த்து வைத்தார்.

மறுநாள் முன்னைவிட அதிகத் தண்ணீர்.

"பெட்ரோல்லதான் கலக்குறாய்ங்க," என்று முடிவு கட்டினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று பின்னேரம் பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, இஞ்சினை அந்த மூலையிலேயே சாய்த்துவிட்டு, சோலைமலையின் லொறியில் தொற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். பெட்ரோல் ஷெட்டில் நாலு பேர் முன்னிலையில் தன் மருந்துப் போத்தலை நீட்டி, "இது என்னா?" என்று கேட்டார். ஷெட்காரர் வயதானவர். சண்டை போடவில்லை. ஒரு வெள்ளைப் போத்தலைக் கழுவித் துடைத்து, குழாயிலிருந்து பெட்ரோல் பிடித்து மேசைமேல் வைத்தார். எல்லோரும் கால் மணி நேரம் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அடியில் இறங்கவில்லை.

"ஒங்க வீட்டுலதான் தண்ணி இருக்கு," என்றார் ஷெட்காரர் அமைதியாக.

சிறில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லொறியில் ஏறினார். வழி முழுக்க சோலைமலை சிரித்துக்கொண்டே வந்தான். சிரிப்பை அடக்குவதாக அவனுக்கு நினைப்பு.

நினைத்ததைவிட முன்னதாகவே வீடு வந்துவிட்டார். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் பின்பக்க அடுப்படி வழியாக நுழைந்தவர், நடுவாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

மரியநாயகி மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். கையில் செபமாலை. கடைசி மணியை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இஞ்சினை நோக்கி நகர்ந்தாள். சாக்கை விலக்கினாள். டாங்கி மூடியை, பச்சைப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதுபோல, மெதுவாகத் திருகினாள். படத்தின் பின்னாலிருந்து ஒரு சின்ன நீலப் போத்தலை எடுத்தாள்.

"மாதாவே," என்றாள். "எங்க வீட்டுக்காரரு கையெல்லாம் புண்ணாக்கிட்டாரு. இந்தச் சீக்காளிக்கு சொகத்தக் குடு. புள்ளயப் பாத்துட்டு வந்துர்றோம். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

போத்தலைக் கவிழ்த்தாள். சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். போத்தலை உதறினாள். அதன் அடியில் தட்டினாள். தீர்ந்துவிட்டது.

சிறிலுக்கு முதலில் வந்தது கோபம்தான். பத்து நாள்! உரிந்த தோல், இழுத்து இழுத்துக் கழன்ற தோள், ஹட்டனில் நாலு பேர் முன்னால் போன மானம். "அடியே" என்று வாயெடுத்தவர், அந்த நீலப் போத்தலை அடையாளம் கண்டுகொண்டார்.

அது மடு மாதா கோயில் திருவிழாவில் மந்திரித்து வாங்கிய தீர்த்தம். திருநாளன்று சாமியார் ஹட்டன் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விடுவார். அக்கரை மேட்டுக்கு வரமாட்டார். டோரீனின் கல்லறைக்குத் தெளிக்க மரியநாயகி தானே வைத்துக்கொண்ட தண்ணீர் அது. ஏப்ரல் மாதம் இளைப்பு முற்றி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தபோது, "ஒரு வாய் குடி நாயகி" என்று அவர் அதைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். "அது புள்ளைக்கு," என்று பிறகு சொன்னாள்.

தன் மூச்சுக்குக் கொடுக்காததை அவள் இஞ்சினின் மூச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். இவரல்லவா தினமும் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, வயிற்றில் கோளாறு, மூச்சு முட்டுகிறது என்று சொன்னவர்? நோயாளிக்குத் தீர்த்தத்தைக் குடிக்கத்தானே கொடுப்பார்கள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த வழியே பின்வாங்கி வெளியே போய், செருப்பை மாட்டி, வீட்டைச் சுற்றி முன்பக்கமாக வந்து, ஊருக்கே கேட்பதுபோல இருமினார்.

உள்ளே வந்தபோது மரியநாயகி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாக்கு ஒழுங்காக மூடியிருந்தது.

"என்னாங்க சொன்னான் ஷெட்டுல?"

"கோளாறு தெரிஞ்சுபோச்சு. மூடிதான் ஒழுகுது. அது வழியா ஈரம் எறங்குது."

"மூடியா?" அவள் சுளகை நிறுத்திவிட்டாள்.

"மூடியேதான். டேங்கிய வடிச்சு சுத்தமாக்கி, சோப்பு வச்சு அடைச்சிருறேன். அப்புறம் யாரும் தொறக்கக்கூடாது. நானுந் தொறக்கமாட்டேன்."

"கொஞ்சமுமா?"

"கொஞ்சமுந்தான்."

அவள் சுளகில் இல்லாத கல்லைத் தேடினாள். உண்மையைச் சொன்னால் என்ன நினைப்பாள் என்று சிறிலுக்குத் தெரியும். பிள்ளையிடம் போகும் வழியைத் தானே அடைத்துக்கொண்டேன் என்று நினைப்பாள். அந்த நினைப்பைக் கப்பலேற்றி இந்தியாவரை கொண்டுபோவாள். அதைவிட மூடியின்மேல் பழி போடுவது மேல். மூடிக்கு மனசா இருக்கிறது?

டாங்கியைக் கடைசிச் சொட்டுவரை வடித்தார். மருந்துப் போத்தலில் காலைதோறும் ஊற்றிச் சேர்ந்திருந்ததோடு அதையும் சேர்த்தார். அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலே மிதந்த பெட்ரோலை மெல்ல வழித்துக் கொட்டினார். அடியில் நின்ற தண்ணீரைக் கொட்டவில்லை. கார்க்கை இறுக்கி, ஆயுதப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்தார். டாங்கியில் புதுப் பெட்ரோல் நிரப்பி, மூடியைச் சோப்பு வைத்து அடைத்தார்.

மறுநாள் காலை இஞ்சின் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பிடித்துக்கொண்டது. கோழிகள் கூரையிலேயே குடியிருக்கப் பழகிவிட்டன. ஒவ்வொரு தடவை அது உறுமும்போதும் மரியநாயகி வாசலில் வந்து நின்று மாதாவுக்கு நன்றி சொன்னாள். சிறில் அதைக் கேட்காதவர்போல ஸ்பேனரைத் துடைத்தார். கோபமில்லாமல் அவர் ஸ்பேனர் துடைத்தது அந்த நாட்களில்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் சோலைமலை லொறியில் இஞ்சினையும் மரியநாயகியையும் தண்ணீர்க்கரைக்குக் கொண்டுவந்து விட்டான். அவள் கல்யாணச் சேலை உடுத்தியிருந்தாள். மடியில் மெழுகுதிரிப் பொட்டலம், செவ்வந்திப் பூ, ஒரு கைப்பை. படகில் உட்கார்ந்ததும் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நடுத்தண்ணீர்வரை இஞ்சின் ஒரே சீராக ஓடியது. அங்கே காற்று வந்து மோதியபோது ஒரு தடவை இருமியது. மரியநாயகி திரும்பி டாங்கியைப் பார்த்தாள், உதடு அசைந்தது. இஞ்சின் இன்னொரு தடவை இருமிவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்ட மாதிரி, பழையபடி ஓடியது. கீழே எங்கேயோ அவர்களுடைய பழைய பாலம் கிடந்தது.

கால் மணி நேரத்தில் அக்கரை. தண்ணீர் மேட்டில் பாதிவரை ஏறி நின்றதால் கல்லறைத் தோட்டம் கரையிலிருந்து நாற்பது எட்டுதான். அந்த நாற்பது எட்டுக்கும் மரியநாயகி ஆறு இடத்தில் நின்றாள். அவசரப்படுத்தாமல் சிறில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வார்த்த சிமெந்துச் சிலுவை பாசி பிடித்திருந்தது. ஆணியால் கீறிய பெயர் அழியவில்லை. மூன்று வருடத்துப் புல்லைக் கத்தியால் அரிந்து, கையால் மண்ணைத் தடவிச் சமப்படுத்தினார். மரியநாயகி பூவை வைத்தாள். மெழுகுதிரிகளை நட்டு, காற்றுக்குக் கைமறைத்து ஏற்றினாள். பிறகு பையிலிருந்து நீலப் போத்தலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா நாயகி?"

"இதுல தண்ணி இல்லீங்க."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ளைக்கு வச்சிருந்ததயெல்லாம் நான் இஞ்சினுக்கு ஊத்திட்டேன். ராவுல நீங்க தூங்குனப்பறம், ஒங்களுக்குத் தெரியாம. அது சொகமானா போதும்னு ஊத்திட்டேன். இப்ப கடைசியா வந்திருக்கோம், வெறுங்கையோட உக்காந்திருக்கேன்." குரல் உடைந்தது. "அம்மா எதுவும் கொண்டாரலன்னு நெனைக்கும்."

சிறில் கோட்டுப் பையிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார். மருந்துப் போத்தலை அவள் கையில் வைத்தார்.

"இந்தா. அம்புட்டும் இருக்கு. ஒரு சொட்டுக்கூட நான் கீழ கொட்டல."

அவளுக்குப் புரியவில்லை. கார்க்கைத் திறந்து மோந்து பார்த்தாள். முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மறுபடி மோந்தாள்.

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"அடிக்கும்."

"அப்ப தெனம் காலையில அது நின்னுபோனது..."

"ஆமா."

"நாந்தானா?"

"நீயும் மாதாவும் சேந்து."

மரியநாயகி சிரித்துவிட்டாள். அந்த மண்ணின் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு இளைப்பாகி, இளைப்பு அழுகையாகி, அவள் முதுகை அவர் தடவிக்கொடுத்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே மூடி ஒழுகுதுன்னீங்களே. ஏன் சொல்லல?"

"அங்க சொல்லியிருந்தா நீ தனியா அழுதிருப்ப."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரை ஊற்றினாள். சிலுவையின்மேல் தெளித்தாள், பூவின்மேல் தெளித்தாள், தலைமாட்டு மண்ணில் தெளித்தாள். எண்ணெய் வாசம் ஈர மண்ணோடு கலந்து எழுந்தது. அது எழுந்ததும் அவள் கை அப்படியே நின்றது. சிறிலுக்கும் அது மூக்கில் ஏறியது. அவர் சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரியநாயகி குனிந்து, தூங்குகிற பிள்ளையின் காதில் பேசுவதுபோல மண்ணிடம் பேசினாள்.

"டோரீன் கண்ணு. மோந்து பாரு. அப்பா வந்திருக்காரு."

சிறில் முழந்தாளிட்டு, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெட்ரோல் ஈரம் படாத இடத்தில் கொஞ்சம் தள்ளி நட்டு வைத்தார்.